ஊராட்சிக் குடிநீர்: வீட்டுக்கு வீடு மீட்டரா, தெருவுக்கு ஒரு மீட்டரா?

(பேரேடு, கேட்வால்வு, கடைக்கோடி, தணிக்கை என்ற புனைபெயர்களில் நால்வர் விவாதிக்கிறார்கள்.)

பேரேடு:
ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்டில் வந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்குப் போட்டு வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்தார்கள். குழாய் போட்ட காசு திட்டத்தில் வந்தது. அதை ஆண்டுக்கணக்கில் ஓட்டும் செலவு ஊராட்சியின் தலையில் நிற்கிறது. கணக்கைப் பாருங்கள்.

600 வீடு, 2,400 பேர் உள்ள ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 1,32,000 லிட்டர் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் ஐந்தில் ஒரு பங்கு கசிகிறது என்றால் 1,65,000 லிட்டர் ஏற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டமும் தொட்டியின் உயரமும் சேர்ந்து 60 மீட்டர், மோட்டாரின் திறன் 40 சதவீதம் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 0.4 யூனிட். மாதம் ஏறக்குறைய 2,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 16,000. டேங்க் ஆபரேட்டர் இரண்டு பேருக்கு 12,000. எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுவது, குழாய் உடைப்பு, பிளீச்சிங் பவுடர் எல்லாம் சராசரியாக 10,000. மொத்தம் 38,000, வீட்டுக்கு 63 ரூபாய்.

மாதம் 30 ரூபாய் வாங்கும் ஊராட்சியில் எல்லா வீடும் கட்டினாலும் 18,000தான் வரும். எல்லா வீடும் கட்டுவதும் இல்லை.

அதனால் வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்க வேண்டும் என்கிறேன். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 6,600 லிட்டர்தான் திட்டக்கணக்கு. முதல் 7,000 லிட்டருக்கு 40 ரூபாய், அதற்கு மேல் ஆயிரம் லிட்டருக்கு 15 ரூபாய். தரைத்தொட்டி கட்டி நிரப்புகிற வீடும் இரண்டு குடம் பிடிக்கிற வீடும் ஒரே 30 ரூபாய் கட்டுவது என்ன நியாயம்?

கேட்வால்வு:
செலவுக் கணக்கு சரி. தீர்வு சரியில்லை.

ஐஎஸ் 779 என்கிற இந்தியத் தரத்தில் அரை அங்குல மீட்டர், பெட்டி, முன்னும் பின்னும் வால்வு, பொருத்துக்கூலி எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 2,000 ரூபாய் என்று வைப்போம். 600 வீட்டுக்கு 12 லட்சம். ஆறு வருடம் உழைத்தால் வீட்டுக்கு மாதம் 28 ரூபாய் மீட்டருக்கே போகிறது. 63 ரூபாய்ச் செலவை அளப்பதற்கு 28 ரூபாய். மாதாமாதம் 600 மீட்டர் பார்த்து எழுத வேண்டிய ஆளின் கூலி இதில் சேரவில்லை.

அடுத்தது, ஊராட்சிகளில் தண்ணீர் 24 மணி நேரமும் வருவதில்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் விட்டு வால்வை மூடுகிறோம். மூடியதும் குழாய் காலியாகிறது. மறுநாள் திறந்ததும் முதலில் காற்றுதான் வெளியேறும். 63 மி.மீ. குழாய் 200 மீட்டர் ஓடினால் அதற்குள் ஏறக்குறைய 500 லிட்டர் காற்று. அந்தக் காற்று மீட்டரைச் சுற்றிவிட்டுத்தான் போகும். தெருவில் எல்லா வீட்டுக்கும் சமமாகவும் போகாது. மேட்டில் இருக்கிற வீடு, கடைசி வீடு, இவர்கள் மீட்டரில்தான் அதிகம் ஓடும். தண்ணீர் குறைவாகக் கிடைக்கிற வீட்டுக்குக் காற்றுக்கும் பில் வரும்.

பேரேடு:
500 லிட்டரைத் தெருவின் 60 வீட்டுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு 8 லிட்டர். எல்லாமே கடைசி ஐந்து வீட்டுக்குப் போகிறது என்றாலும் அதற்கு மருந்து இருக்கிறது. குழாயின் உயரமான இடத்திலும் முனையிலும் ஏர் வால்வு வைத்தால் காற்று அங்கேயே போய்விடும். இதற்காக அளவே வேண்டாம் என்பதா?

மகாராஷ்டிரத்தில் கராட் பக்கத்தில் மல்காபூர் என்கிற சின்ன ஊர். வீட்டுக்கு வீடு மீட்டர், படிநிலைக் கட்டணம், 24 மணி நேரத் தண்ணீர். அங்கே முடிந்தது.

கேட்வால்வு:
மல்காபூரில் முடிந்ததன் காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள்: 24 மணி நேரம். ஹூப்ளி-தார்வாடில் 2008-இல் சோதனைப் பகுதிகளில் செய்ததும் அப்படித்தான். பழைய குழாயைப் புதிதாக மாற்றி, எந்நேரமும் அழுத்தம் நிற்கச் செய்து, அதோடு மீட்டர் வைத்தார்கள். எந்நேரமும் நிரம்பியிருக்கும் குழாயில் காற்று கிடையாது. வீட்டில் வைத்துக் குழாயிலிருந்து உறிஞ்சுகிற மோட்டாருக்கும் வேலை கிடையாது. தரைத்தொட்டியே தேவையில்லை.

ஏர் வால்வு வைக்கலாம்தான். மணல் ஏறி, மிதவை ஒட்டிக்கொண்டு ஒழுக ஆரம்பித்தால் ஆபரேட்டர் முதலில் செய்வது அதைக் கழற்றிவிட்டு எண்ட் கேப் போட்டு வாயை அடைப்பதுதான். உதிரி பாகம் கையில் இல்லாவிட்டால் அவர் வேறு என்ன செய்வார்?

காற்றில் வேகமாகச் சுற்றுகிற மீட்டரின் தாங்கி சீக்கிரம் தேயும். தேய்ந்த பிறகு அது குறைத்துத்தான் காட்டும். தரைத்தொட்டியில் மிதவை வால்வு வைத்த வீட்டில் தொட்டி நிரம்பும் தறுவாயில் தண்ணீர் நூலாக இறங்கும். அந்த ஓட்டத்தில் சாதாரண மீட்டர் அசையவே அசையாது. ஆக நீங்கள் பிடிக்க நினைக்கிற வீட்டில்தான் அளவு குறைவாகப் பதியும்.

கடைக்கோடி:
இரண்டு பேரும் பணத்தையே பேசுகிறீர்கள் சார். தெருவின் கடைசி வீட்டில் குடம் ஏன் நிரம்பவில்லை என்பதை முதலில் பேசுங்கள். தண்ணீர் வராத வீட்டில் எந்த முகத்தோடு போய்க் கட்டணம் கேட்பது? வசூல் குறைவதற்குப் பாதிக் காரணம் இதுதான். கடைசி இருபது வீடு கட்டாது. அவர்கள் கட்டாததைப் பார்த்து நடுத்தெருவும் நிறுத்தும்.

கேட்வால்வு:
கடைக்கோடி கேட்பதுதான் அடிப்படை. அதற்கான காரணம் குழாயிலேயே இருக்கிறது.

தொட்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 12 மீட்டர் உயரம். கையில் இருக்கிற அழுத்தம் அவ்வளவுதான். ஒரு தெருவில் 60 வீடும் ஒரே நேரத்தில் திறந்து, நிமிடத்துக்கு 5 லிட்டர் பிடித்தால் 300 லிட்டர். 63 மி.மீ. குழாயில் நிமிடத்துக்கு 300 லிட்டர் போனால் 100 மீட்டருக்கு 6 மீட்டருக்கு மேல் அழுத்தம் உராய்விலேயே போய்விடும். தொட்டியிலிருந்து அந்தத் தெருவின் தொடக்கத்துக்கே 200 மீட்டர் என்றால் முதல் வீட்டுக்கு முன்பே கதை முடிந்தது. 90 மி.மீ. போட வேண்டிய இடத்தில் 63 போட்டிருந்தால் எத்தனை மீட்டர் வைத்தாலும் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது.

இதற்கு மேல் அரை எச்பி மோட்டார். குழாயில் நேரடியாக வைத்தால் நிமிடத்துக்கு 30, 40 லிட்டர் இழுக்கும். அந்த இடத்தில் அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. பக்கத்தில் விரிசல் இருந்து அதன்மேல் சாக்கடை ஓடினால் அந்த நீர் உள்ளே வரும். தொட்டியில் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் போட்டு, கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்று சோதிப்பதெல்லாம் அந்த விரிசலில் வீணாகிறது.

எந்தத் தெருவில் மோட்டார் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. தண்ணீர் விடும் நேரத்தில் கரண்ட் போனால் கடைசிக் குழாயில் தண்ணீர் பெருகும். தொட்டித் தண்ணீர் தானாக இறங்குவது, அதற்குக் கரண்ட் தேவையில்லை. பெருகுகிறதென்றால் அந்தத் தெருவில் யாரோ இழுக்கிறார்கள்.

பேரேடு:
தெரு தெரியும், வீடு தெரியாதே? வீட்டு மீட்டர் இருந்தால் எண் பேசும். ஆளை அனுப்பிக் கதவைத் தட்டி மோட்டாரைப் பறிப்பது ஒரு நாள் நடக்கும். மறுவாரம் அதே மோட்டார் அதே இடத்தில் இருக்கும். வார்டு உறுப்பினரின் சொந்தக்காரர் வீடென்றால் அந்த ஒரு நாளும் நடக்காது. அளவு இல்லாத இடத்தில் எல்லாம் ஆள் முகத்தைப் பார்த்துத்தான் நடக்கும். எனக்கு இதில்தான் பெரிய கோபம்.

கேட்வால்வு:
மோட்டார் வைக்கத் துணிந்தவர் மீட்டருக்கு முன்னாலேயே ஒரு டீ இணைப்பு (T வடிவக் கிளைக்குழாய்) போட்டு இழுக்க மாட்டாரா?

தணிக்கை:
குறுக்கிடுகிறேன். இரண்டு பேரும் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. ஊராட்சியில் குடிநீர்க் கட்டணம் போய்ச் சேர்வது முதலாம் எண் கணக்கில், வீட்டு வரியோடு சேர்த்து. கரண்ட் பில்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கட்ட வேண்டிய தொகையும் போவது இரண்டாம் எண் கணக்கிலிருந்து. அதற்கு மாநில நிதி ஆணைய மானியம் வருகிறது. ஆக, தண்ணீருக்கு வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் யாரும் பார்ப்பதில்லை. கட்டணம் வசூலாகாவிட்டாலும் மோட்டார் ஓடும். அதனால் வசூலிக்க யாருக்கும் அவசரமில்லை.

15-ஆவது நிதிக்குழு கிராம ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட தொகை, அதாவது குறித்த வேலைக்கு மட்டும் செலவழிக்க வேண்டியது, அதில் பாதி குடிநீருக்கு. அதை நம்பியும் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை உள்ளாட்சித் தேர்தல் நடக்காதபோது மத்திய மானியம் நின்றது. தனி அலுவலர்தான் ஊராட்சி, கேள்வி கேட்க மன்றமும் இல்லை. மானியம் நின்றாலும் மோட்டார் ஓட வேண்டுமென்றால் சொந்த வருவாய் வேண்டும். இதில் நான் பேரேடு பக்கம்.

மீட்டருக்கு முன்னால் செய்யச் செலவே இல்லாத வேலை ஒன்று: தண்ணீருக்கென்று தனிப் பதிவேடு. மாத வசூல், யூனிட், மோட்டார் ஓடிய மணி, பழுது. அதை மார்ச் 22 கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். உலகத் தண்ணீர் நாளுக்கென்றே அந்தக் கூட்டம் சேர்க்கப்பட்டிருக்கிறது.

கேட்வால்வு:
அந்தப் பதிவேட்டில் எழுத எண் வேண்டுமே. அதற்கு நான் சொல்வது: தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு மீட்டர், ஒவ்வொரு வால்வுப் பகுதிக்கும் ஒன்று. நான்கு பகுதி என்றால் மொத்தம் ஐந்து மீட்டர். 600 இல்லை. மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் பத்து மடங்கு, பின்னால் ஐந்து மடங்கு நேர்க்குழாய் இருக்க வேண்டும். வளைவை ஒட்டி வைத்தால் தப்பாகக் காட்டும். 90 மி.மீ. குழாய்க்கு முன்னால் 90 செ.மீ., பின்னால் 45 செ.மீ. குழாய் நிரம்பி ஓடுகிற இடமாகவும் இருக்க வேண்டும்.

அதை வாங்குவதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். 60,000 லிட்டர் வட்டத் தொட்டி, உள்விட்டம் 5 மீட்டர் என்றால் நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய 200 லிட்டர். முதல் நாளே தண்டோரா போட்டு எல்லா வீட்டிலும் குழாயை மூடச் சொல்லுங்கள். இரவு 2 மணிக்கு ஒரு பகுதியின் வால்வை மட்டும் திறந்து, குழாய் நிரம்பக் கால் மணி விட்டு, அளவுகோலில் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 12 செ.மீ. இறங்கியிருந்தால் 2,400 லிட்டர் எங்கோ போயிருக்கிறது. டார்ச் எடுத்துத் தெருவில் நடந்தால் பாதி அங்கேயே தெரிந்துவிடும்: மூடித் திறக்கும் திருகு இல்லாத குழாய்கள். திட்டத்தில் கொடுத்த பிளாஸ்டிக் திருகு உடைந்து, மாற்றாமல் விட்டது. குடம் நிறைந்த பிறகும் தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்கு மீட்டரை விட முதலில் ஒரு திருகு வேண்டும்.

மீதிக் கசிவு பெரும்பாலும் பெருல் இணைப்பில், அதாவது தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரியும் இடத்தில் இருக்கும். குழாயில் துளை போட்டு அதைச் சுற்றிப் பிடிக்கும் சேடில் வைக்கும்போது ரப்பர் வளையம் நகர்ந்திருக்கும், அல்லது சேடில் போடாமல் நேரடியாகத் துளைத்திருப்பார்கள்.

கடைக்கோடி:
இதில் ஒன்று சேருங்கள் தோழர். வால்வு திறக்கும் நேரம். மேட்டுத் தெருவுக்குத் தொட்டி நிறைந்திருக்கும் காலை முதல் முறையிலேயே விட வேண்டும், பள்ளத் தெருவுக்குக் கடைசியில். பல ஊரில் நேர்மாறாக நடக்கிறது. தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற தெருவுக்கு முதலில் விட்டுவிட்டு, மட்டம் பாதிக்குக் கீழே போன பிறகு மேட்டுக்குத் திறக்கிறார்கள்.

கேட்வால்வு:
சேர்க்கலாம். நிறைந்த தொட்டிக்கும் கால் தொட்டிக்கும் 2 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். கையில் இருப்பதே 12 மீட்டர் என்றால் அது பெரிய வித்தியாசம். பள்ளத் தெரு வால்வை மூன்று சுற்று மட்டும் திறந்து கட்டுப்படுத்துகிற பழக்கத்தையும் விட வேண்டும். கேட் வால்வு முழுதாகத் திறக்கவும் முழுதாக மூடவும் செய்தது. பாதி திறந்தே வைத்தால் தகடு அரித்துப்போய், பிறகு மூடினாலும் மூடாது. அதற்குப் பதில் வீட்டு இணைப்பில் நிமிடத்துக்கு 5 லிட்டர் மட்டும் விடுகிற ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு வைக்கலாம். நான்கு பேர் வீட்டின் நாள் அளவு 220 லிட்டர் 44 நிமிடத்தில் கிடைத்துவிடும். உப்புத் தண்ணீர் ஊரில் அது அடைத்துக்கொள்ளும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும்.

பேரேடு:
எல்லாம் செய்யுங்கள், எதையும் மறுக்கவில்லை. ஒரு வருடம் தெரு மீட்டர் ஓடுகிறது, கசிவு அடைத்தாயிற்று, திருகு மாட்டியாயிற்று. அதற்குப் பிறகும் ஒரு பகுதியில் மட்டும் வீட்டுக்கு நாளுக்கு 400 லிட்டர் காட்டுகிறது. எந்த வீடு? இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

கேட்வால்வு:
இருக்கிறது. பத்து மீட்டர் வாங்கிச் சுழற்சியில் வையுங்கள். அந்தப் பகுதியில் சந்தேகம் உள்ள பத்து வீட்டில் ஒரு வாரம், அடுத்த வாரம் அடுத்த பத்து. 20 லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயிலும் வாளி நிறையும் நேரத்தையும் எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆறு வாரத்தில் சந்தேகம் உள்ள 60 வீடும் தெரிந்துவிடும்.

பேரேடு:
மீட்டர் இருக்கிற வாரம் மோட்டாரை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். ஒரு வார அளவை வைத்துக் கூடுதல் கட்டணம் விதித்தால் தணிக்கையிலும் நிற்காது. நிரந்தர மீட்டர் வைக்காமல் படிநிலைக் கட்டணம் கிடையாது. 600 வீட்டுக்கும் வேண்டாம் என்றால் தரைத்தொட்டி உள்ள வீடு, கடை, மண்டபம், விடுதி, இவற்றுக்காவது கட்டாயமாக்க மன்றம் தீர்மானம் போடட்டும்.

கடைக்கோடி:
தரைத்தொட்டி உள்ள வீட்டுக்கு மீட்டர் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கட்டணத்தை 63-க்கு உயர்த்தும் தீர்மானத்தை மட்டும் கடைசிக் குழாயில் 20 லிட்டர் வாளி நான்கு நிமிடத்தில் நிறைகிற வரை கொண்டுவராதீர்கள். அதுவரை பழைய 30.

தணிக்கை:
அப்படியானால் அதுவரை மாதம் குறையும் 20,000 எந்தக் கணக்கிலிருந்து என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் கரண்ட் பில் பாக்கி நிற்கும்.