வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்: ஜெர்மனியில வீடு பார்க்கும் முன்னாடி பழகவேண்டிய சொல்

ஜெர்மனிக்குப் புதுசா வந்திருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு: வாடகை, பால்கனி, ஸ்டேஷன் தூரம் எல்லாம் விசாரிக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்காரர்கிட்ட இந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்க. வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் (Wohnungsgeberbestätigung).

நீளத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம், பிரிச்சா சுலபம். 'வோனுங்' குடியிருப்பு. 'கேபர்' கொடுக்கிறவர். 'பெஷ்டேட்டிகுங்' உறுதிச் சான்று. நடுவுல நிக்கிற 'ஸ்' ரெண்டு சொல்லையும் ஒட்டுறதுக்கு மட்டும்தான், தனி அர்த்தம் கிடையாது. ஆக, இன்னார் இந்தத் தேதியில இந்த முகவரிக்குக் குடிவந்தார்னு வீடு கொடுத்தவர் எழுதித் தர்ற தாள். வினைச்சொல்லோட 'உங்' சேர்ந்து பிறக்கிற பெயர்ச்சொல் எல்லாமே பெண்பால், அதனால முன்னாடி பெண்பாலைக் காட்டுற 'டீ' (die) வரும்.

2015 நவம்பர் 1-ல நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டப்படி, குடிபுகுந்து 2 வாரத்துக்குள்ள அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்யணும். அதுக்கு இந்தத் தாள் வேணும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினா போதாது. தாமதத்துக்கு 1,000 யூரோ வரைக்கும் அபராதம் விதிக்கச் சட்டத்துல இடம் இருக்கு. தாள்ல வீடு கொடுத்தவர் பெயர் முகவரி, அவர் உரிமையாளர் இல்லைன்னா உரிமையாளர் பெயர், வீட்டு முகவரி, குடிவந்த தேதி, குடிவந்த எல்லாருடைய பெயரும் இருக்கணும், குழந்தைங்க உட்பட. உள்வாடகைக்கு எடுத்திருந்தா, உங்களுக்கு அறை கொடுத்த முதன்மைக் குடித்தனக்காரரே எழுதித் தரலாம். இது பலருக்குத் தெரியறதில்ல.

இப்போ உச்சரிப்பு. 'வோ'வை நீட்டுங்க, எழுத்துல நடுவுல நிக்கிற 'ஹெச்' ஒலிக்காது, உயிரெழுத்தை நீட்டுறதுதான் அதோட வேலை. 'கேபர்' முடியும்போது 'ர்' உருளாது, 'கேப' மாதிரி லேசா அடங்கும். 'பெஸ்டா'ன்னு சொல்லிடாதீங்க, 'பெ'க்கு அப்புறம் வேர்ச்சொல் தொடங்குறதால 'ஷ்டே'ன்னுதான் வரும். அந்த 'ஏ' ஒலி எழுத்துல ரெண்டு புள்ளி வச்ச a (ä). புள்ளி வைக்க கீபோர்டு இல்லைன்னா பக்கத்துல ஆங்கில 'ஈ' சேர்த்து எழுதலாம், புள்ளியை அப்படியே விடக்கூடாது. கடைசி 'ங்' நமக்குச் சிரமமே இல்ல. 'தங்கம்'னு சொல்லும்போது பின்னாடியே ஒரு 'க' வெடிக்குது பாருங்க, அது இங்க வராது. 'அங்ஙனம்'ல வர்ற ஒலியோட நிறுத்திடுங்க.

கேட்கிற வாக்கியம்: "பெக்கொமெ இஹ் ஐனெ வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்?" தருவீங்களான்னு கேட்கிற கேள்விதான். 'இஹ்'ல வர்ற ஒலி ஹ-வுக்கும் ஷ-வுக்கும் நடுவுல இருக்கும். "அன்மெல்டுங் கிடையாது"ன்னு பதில் வந்தா, வாடகை எவ்வளவு குறைவா இருந்தாலும் அந்த வீடு வேண்டாம்னுதான் நான் சொல்வேன். குடியேறின பிறகு மறுத்தா, உடனே பதிவு அலுவலகத்துல தெரிவிக்கணும். அது உங்க கடமைன்னே சட்டம் சொல்லுது. தங்காத வீட்டுக்குக் காசு வாங்கிட்டுத் தாள் தர்றவங்களும் உண்டு. அந்தப் பக்கமே போகாதீங்க, அதுக்கு அபராத வரம்பு 50,000 யூரோ.

நம்மவங்களுக்கு உண்மையான சிக்கல் பெயர்லதான். பாஸ்போர்ட்ல இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்க. போன்ல எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது ரொம்பக் கவனம். 'வேலு'வுக்கு ஆங்கிலத்துல 'வீ'ன்னு தொடங்கினா, ஜெர்மன்காரர் காதுல அது 'டபிள்யூ'வா விழும். ஏன்னா அந்த எழுத்துக்கு இங்க பெயர் 'வே'. நம்ம 'வீ'க்குப் பெயர் 'ஃபௌ'. ஆங்கில 'ஈ'க்கு இங்க 'ஏ'ன்னு பெயர், ஆங்கில 'ஐ'க்கு 'ஈ'ன்னு பெயர். 'ஜே'வுக்கு 'யொட்', 'இசட்'டுக்கு 'ட்செட்'. ஜெயந்தி, விஜய், ஈஸ்வரின்னு பெயர் வச்சவங்க இந்த ஆறையும் மனப்பாடம் பண்ணிடுங்க. இன்னும் நல்லது, மின்னஞ்சல்ல தட்டச்சு செஞ்சு அனுப்பிடுறது.

தாளோடயும் பாஸ்போர்ட்டோடயும் பதிவு அலுவலகமான பியூர்கர்ஆம்ட் போங்க. சில ஊர்ல பியூர்கர்பியூரோம்பாங்க. நேரம் முன்பதிவு பண்ணணும், பெரிய ஊர்ல சீக்கிரம் கிடைக்காது. அதனால வீட்டுச் சாவி கைக்கு வர்றதுக்கு முன்னாடியே தேட ஆரம்பிங்க. 2 வாரம் தாண்டின தேதிதான் கிடைச்சா, எப்போ முன்பதிவு பண்ணீங்கன்னு காட்டுற மின்னஞ்சலைப் பத்திரமா வச்சுக்கோங்க. பதிவு முடிஞ்சு அவங்க தர்ற சான்றை அங்கேயே நின்னு ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுட்டு, தப்பு இருந்தா அப்பவே திருத்தச் சொல்லுங்க.

அதுக்கப்புறம் 11 இலக்க வரி அடையாள எண் தபால்ல வரும். அது இல்லாம போனா ஆபீஸ்ல 6-ம் வரி வகுப்புன்னு வச்சு அதிக வரி பிடிக்க நேரிடும். தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார், அடுக்குமாடி வீட்டுக்குக் கதவு எண்ணே பல இடங்கள்ல இருக்காது. பதிவுல இருக்கிற முழுப் பெயரையும், தகப்பனார் பெயர் இருந்தா அதையும் சேர்த்து, குடியேறுற அன்னிக்கே தபால் பெட்டியில ஒட்டிடுங்க.