அம்மாவின் ட்ரெட்மில் பத்து நிமிடத்தில் திணறுகிறது: மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (வட்டக்கச்சி, கிளிநொச்சி)

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 63, எடை 78 கிலோ. பல ஆண்டுகளாக நீரிழிவு இருப்பதால், கிழமையில் ஐந்து நாட்களாவது அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். விடியப்புறத்தில் வீதியில் நாய்த் தொல்லை, வெயில் ஏறிய பிறகு வெளியே நடக்க அவரால் இயலாது. அதனால் மாசி மாதத்தில் வவுனியாவில் பழைய ட்ரெட்மில் ஒன்றை வாங்கி முன் விறாந்தையில் வைத்தோம். மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

இப்போது அம்மா ஏறி, மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் பத்து நிமிடம் நடந்ததும், கால் பதியும் ஒவ்வொரு தடவையும் பெல்ற் ஒரு கணம் நின்று பின்னர் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இறப்பர் சூடான வாசனை வருகிறது. ஆளில்லாமல் ஓடவிட்டால் எந்தக் குறையும் தெரியவில்லை. பெல்ற் வழுக்குகிறது என்று நினைத்துப் பின்பக்க ஆணிகளை இறுக்கினேன். தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயையும் பெல்ற்றுக்கு அடியில் சிறிது விட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடி, அதன்பின் முன்னிலும் மோசமாகிவிட்டது. பார்க்க வந்தவர் மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா, அங்கிருந்து புதியது ஒன்றை அனுப்பவா என்று கேட்கிறார். அம்மா நடந்து பழகிய நல்ல பழக்கம் விட்டுப்போய்விடுமோ என்பதே என் கவலை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் (வவுனியா)

தங்கச்சி, மோட்டாருக்குப் பணம் கொடுக்க வேண்டாம், சற்றுப் பொறுங்கள். மின்மோட்டார் திருத்தும் வேலை எனக்கு இருபது வருடப் பழக்கம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் பழுது மோட்டாரில் தொடங்கியிருக்க வாய்ப்புக் குறைவு. ஆளில்லாமல் நன்றாக ஓடி, ஆள் ஏறியதும் திணறுகிறது என்றால், பெல்ற்றுக்கும் அதைத் தாங்கும் பலகைக்கும் இடையிலான உராய்வு கூடியிருக்க வேண்டும், அல்லது வீட்டுக்கு வரும் மின்சாரம் போதாமல் இருக்க வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். உராய்வு கூடினால் மோட்டார் கூடுதலான மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். அந்தச் சுமை கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகையையும் எரித்துவிடக்கூடும் என்பதால், இந்த நிலையில் அம்மாவை மேலும் நடக்கவிடாதீர்கள்.

முதலில் எது நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். மெதுவான வேகத்தில் ஓடவிட்டு ஒருவர் கவனமாக ஏறி நடக்க, மற்றவர் எட்ட நின்று முன் உருளையைப் பார்க்க வேண்டும். உருளை சுழலும்போதே பெல்ற் நின்றால் நடக்கும் பெல்ற் தளர்ந்திருக்கிறது. உருளையும் நின்று, மோட்டார் மட்டும் சுழலும் சத்தம் கேட்டால், உள்ளே இருக்கும் சிறிய இழுவைப் பெல்ற்றைப் பார்க்க வேண்டும். மோட்டாரே மந்தமானால், மேலே சொன்ன உராய்வும் மின்சாரமுமே காரணம்.

அடுத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ற்றின் நடுப்பகுதியின் விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். பொதுவாக 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரை உயர வேண்டும். பின்னர் கையை அடியில் விட்டு நடுப்பலகையைத் தடவி, உங்கள் கையில் என்ன வருகிறது என்று எழுதுங்கள். தையல் எண்ணெய், இயந்திர எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் இதற்கு ஆகாது. அவை பெல்ற்றின் அடிப்பாகத்தைக் கெடுத்து, தூசியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சோளகம் அடிக்கும் காலத்தில், கிறவல் வீதி ஓரமாக உள்ள விறாந்தையில் இயந்திரம் நிற்கிறது என்றால் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது.

பதில் (புதுக்குடியிருப்பு)

எத்தனை மணிக்கு அம்மா நடக்கிறார்? வளவில் நீர்ப்பம்பி இருக்கிறதா? எங்கள் வீட்டில் பக்கத்துத் தோட்டங்களில் பம்பிகள் ஓடத் தொடங்கியதும் ட்ரெட்மில் திணறத் தொடங்கும், அவை நின்றதும் சரியாகிவிடும். மல்டிமீற்றர் ஒன்று இருந்தால், அம்மா நடக்கும்போதே பக்கத்துப் பிளக்கில் அளந்து பாருங்கள். நம் நாட்டில் 230 வோல்ற், கூடியும் குறைந்தும் 6 சதவீதத்துக்குள், அதாவது ஏறத்தாழ 216 இலிருந்து 244 வரை இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பெல்ற் இரண்டு சென்ரிமீற்றர் கூட உயரவில்லை. வழுக்குகிறது என்று நினைத்து நான் இறுக்கியது அளவுக்கு மிஞ்சிவிட்டது போலும். உள்ளே விட்ட கையில் செம்மண் நிறத்தில் கறுப்புக் கலந்த பசை போல ஒட்டிக்கொண்டு வந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. முன்பக்க மூடியைத் திறந்தபோது மோட்டாரின் காற்றுத் துவாரங்களில் தூசி பஞ்சுபோல் அடைத்திருந்தது. மின்சுற்றுப் பலகைக்குப் பக்கத்தில் காய்ந்துபோன பல்லி ஒன்றும் கிடந்தது.

நடப்பது மாலை ஆறரைக்கு. குளிர்சாதனப் பெட்டியும் இதுவும் ஒரே நீட்டிப்பு வயரில், மல்டி பிளக்கில்தான் இருக்கின்றன. மின்சாரத்தை அளந்ததில் காலையில் 231 வோல்ற் காட்டியது. மாலையில், பம்பி ஓடும்போது 198. அம்மா ஏறியதும் 191. பிளக்கின் ஒரு காலில் கருகிய அடையாளம் இருக்கிறது.

பதில் (வவுனியா)

பசையும் 191 வோல்ற்றும் சேர்ந்தால் நல்ல மோட்டாரும் திணறத்தான் செய்யும். கருகிய பிளக்கையும் அந்த நீட்டிப்பு வயரையும் இன்றே கழற்றி வையுங்கள். ஆபத்து முதலில் அங்கேதான் இருக்கிறது. ட்ரெட்மில்லுக்குத் தனி இணைப்பு, நிலத்தொடுப்புடன், அனுபவமுள்ள மின்னியலாளரைக் கொண்டு போட வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்கு வைக்கும் சிறிய ஸ்ரெபிலைசர் இதைத் தாங்காது. உங்கள் மோட்டார் 2 குதிரைவலு என்று வைத்துக்கொண்டால், அது கிட்டத்தட்ட 1,500 வாற் ஆகும், அதைவிடக் கூடுதலாகத்தான் இயந்திரம் இழுக்கும். அதைப் பின்னர் பேசலாம். இப்போதைக்கு நடையைக் காலைக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

சுத்தம் செய்யும்போது, பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுத்த பின்னரே மூடியைத் திறவுங்கள். உள்ளே உள்ள மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். மின்சுற்றுப் பலகையைக் கையால் தொடாமல், மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி வெற்றிடத் துடைப்பானால் இழுங்கள். அடுத்து, பின்பக்க ஆணிகள் இரண்டையும் அலன் சாவியால் இடப்பக்கமாகத் திருப்பித் தளர்த்துங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை சுற்று என்பதை எழுதி வைத்துக்கொள்வது அவசியம். பருத்தித் துணியைப் பெல்ற்றுக்கும் பலகைக்கும் இடையில் கோர்த்து, முன்னும் பின்னும் இழுத்துத் துடையுங்கள். துணி சுத்தமாக வரும்வரை இதைச் செய்ய வேண்டும். தண்ணீரோ பெற்றோலோ வேண்டாம்.

துடைத்த பிறகு பலகையை விரலால் தடவிப் பாருங்கள். வரிவரியாகத் தேய்ந்திருந்தால், புதிய பெல்ற் போட்டாலும் அது சீக்கிரம் கெட்டுவிடும். சில இயந்திரங்களில் பலகையைத் திருப்பிப் போடலாம். பலகை வழவழப்பாக இருந்தால் ட்ரெட்மில்லுக்கென்றே விற்கப்படும் தூய சிலிக்கோன் எண்ணெயை, கையேட்டில் சொன்ன அளவுக்கு, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவை நோக்கி விடுங்கள். சாதாரண வீட்டு இயந்திரத்துக்கு ஒரு பக்கத்துக்கு 10 முதல் 15 மில்லிலீற்றர் போதும். கூடினால் பெல்ற் வழுக்கும். பிறகு ஆள் இல்லாமல் மெதுவாக ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும்.

பதில் (மாங்குளம்)

பிள்ளை, நான் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள். கனடாவிலிருந்து அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே வீடுகளில் 120 வோல்ற், இங்கே 230. நேரே செருகினால் அன்றே எரிந்துவிடும். 230 வோல்ற்றை 120 ஆகக் குறைக்கும் இறக்குமாற்றி வைப்பதென்றால், இவ்வளவு வலுவுக்கு அது பாரமானதும் விலை கூடியதுமாக இருக்கும், பழுதானால் உதிரிப்பாகமும் இங்கே கிடைக்காது. அண்ணா பணத்தை அனுப்பட்டும், இயந்திரத்தை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பார்த்து வாங்கலாம்.

எப்போதாவது புதியது வாங்கினால், பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் உச்சக் குதிரைவலுவைப் பார்க்காதீர்கள். அது ஒரு கணத்துக்குக் கொடுக்கும் வலு. தொடர்ந்து தரும் வலு எவ்வளவு என்று கேட்க வேண்டும். நடைக்கு மட்டும் என்றால் 1.5 இலிருந்து 2 வரை போதும். தாங்கும் எடை அம்மாவின் எடையைவிடக் குறைந்தது 20 கிலோ கூடுதலாக இருக்கட்டும். பக்கக் கைப்பிடி நீளமாக இருப்பதும், மணிக்கு ஒரு கிலோமீற்றரிலோ அதற்குக் கீழேயோ தொடங்கக்கூடியதாக இருப்பதும் திரையும் பாட்டும் இருப்பதைவிட எத்தனையோ மடங்கு முக்கியம்.

எனக்கு இயந்திரத்தைவிட அம்மாவின் பாதம் பற்றித்தான் கவலை. நீரிழிவில் காலில் உணர்வு குறைந்திருக்கலாம், கொப்புளம் வந்தாலும் தெரியாது. வெறுங்காலோடும் செருப்போடும் ஏறவிடாதீர்கள். சொக்ஸும் பொருத்தமான சப்பாத்தும் போட்டு நடந்த பின் விரலிடுக்கு வரை பார்த்துவிடுங்கள். இன்சுலின் அல்லது சீனியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவராயின், குளுக்கோஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பாதுகாப்புச் சாவியின் கயிற்றைச் சட்டையில் கொளுவிக்கொள்ள வேண்டும். நடந்து முடிந்ததும் சாவியை எடுத்து உயரத்தில் வையுங்கள். பின் உருளையில் சிறுபிள்ளையின் கை போனால் மிகப் பெரிய காயமாகிவிடும். இயந்திரத்துக்குப் பின்னால் இரண்டு மீற்றர் இடம் வெறுமையாக இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நன்றி வவுனியா அண்ணா, நன்றி மாங்குளம் அம்மா. ஆறு துணி கறுத்துப்போனது. பலகை தேயவில்லை. சிலிக்கோன் எண்ணெய் விட்டு, ஆணிகளை முன்னிருந்த இறுக்கத்துக்குக் கொண்டுபோகாமல், பெல்ற் ஆறு சென்ரிமீற்றர் உயரும் அளவில் நிறுத்தினேன். விறாந்தையிலிருந்து அறைக்குள் மாற்றிவிட்டோம், சுவரிலிருந்து நேரே தனி பிளக் போட்டாயிற்று. இன்று காலை ஆறு மணிக்கு அம்மா முப்பது நிமிடம் நடந்தார், ஒரு தடவையும் திணறவில்லை, வாசனையும் இல்லை. ஒன்று மட்டும்: பெல்ற் மெல்ல மெல்ல வலப்பக்கம் ஒதுங்கி, விளிம்பை உரசுகிறது.

பதில் (வவுனியா)

ஆணிகளைத் தளர்த்தி இறுக்கினால் அப்படி வருவது வழக்கம். ஆள் ஏறாமல் மணிக்கு 3 கிலோமீற்றரில் ஓடவிட்டு, வலப்பக்க ஆணியைக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். திருப்பியதும் பலன் தெரியாது, இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துத்தான் அடுத்த கால் சுற்று. மழைக்காலம் தொடங்கி இடி மின்னல் வந்தால் நடை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மாதம் ஒரு முறை பெல்ற்றுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள்; உலர்ந்திருந்தால் மட்டும் எண்ணெய் விடலாம்.