கலைச்சொல் உதவி: கண்ணும் கையும் சொல்வதை மூளை சேர்ப்பதற்கு என்ன சொல்?

அன்புடையீர்,
பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களின் வீட்டாருக்காக ஒரு கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'விஷுவோ-ஹாப்டிக் இன்டக்ரேஷன்' என்பது பதினோரு இடங்களில் வருகிறது. கண் பார்ப்பதையும் கை தொட்டு உணர்வதையும் மூளை ஒன்றாக்கி, அதைக் கொண்டு கையை நகர்த்துவது. 'பார்வை-தொடுகை ஒருங்கிணைப்பு' என்று போட்டிருந்தேன். ஆனால் கோஆர்டினேஷனுக்கும் அதே சொல்தானே? நேற்று ஓரிடத்தில் "ஒருங்கிணைப்பு குறைந்தால் ஒருங்கிணைப்பு குறையும்" என்று எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. உதவுங்கள்.
— பூ. த., மதுரை

அம்மா,
ஒருங்கிணைப்பு இருக்கட்டும், முதலில் 'தொடுகை' எதற்கு? "சுவைஒளி ஊறுஓசை நாற்றமென்று ஐந்தின்" என்று குறள் சொல்லிவிட்டதே. தொடுபுலனின் பெயர் ஊறு. உறுதல் என்ற வேரிலிருந்து வருவது. தொல்காப்பியமும் "ஒன்றறி வதுவே உற்றறி வதுவே" என்று புல்லுக்கும் மரத்துக்கும் அந்த அறிவைத்தான் முதலில் தருகிறது. கண் நான்காவதாகத்தான் வருகிறது. ஆகவே 'ஊற்றுப்புலன்' என்க.
— க. ந., தஞ்சாவூர்

ஐயா, நான் இயன்முறை மருத்துவர். 'ஊறு' என்றதும் என்னிடம் வருகிறவர்களுக்குக் காயம்தான் நினைவுக்கு வரும். 'ஊற்றுப்புலன்' என்றால் கிணறு வெட்டப் போகிறோம் என்று நினைப்பார்கள்.
— ஜெ. ம., கோவை

நெடிலை அடுத்து 'று' வந்து முடியும் நெடில்தொடர்க் குற்றியலுகரம் வேற்றுமையில் ஒற்று இரட்டிக்கும். ஆறு, ஆற்றுநீர். ஊறு, ஊற்றுப்புலன். கிணற்றுக்குப் பயந்து இலக்கணத்தை விட முடியுமா?
— க. ந.

சண்டையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொருளைப் பார்ப்போமா? இங்கே நடப்பது வெறும் கூட்டல் இல்லை. 2002இல் எர்ன்ஸ்ட், பாங்க்ஸ் இருவரும் நேச்சர் இதழில் ஒரு சோதனையை எழுதினார்கள். ஒரு மேட்டின் உயரத்தைக் கண்ணாலும் விரலாலும் மதிப்பிட வேண்டும். பார்வையை வேண்டுமென்றே கலங்கலாக்கிக்கொண்டே போனால், ஆட்கள் விரல் சொல்வதைக் கூடுதலாக நம்பத் தொடங்குகிறார்கள். எந்தப் புலனில் தடுமாற்றம் குறைவோ அதற்கு மூளை அதிக எடை கொடுக்கிறது. இரண்டையும் சேர்த்த மதிப்பீடு தனித்தனி மதிப்பீடுகளைவிடத் துல்லியமாகவும் இருக்கிறது. கரண்ட் போன ராத்திரியில் தண்ணீர்ச் செம்பைத் தேடுகிறோமே, அப்போது கை முழுப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. விளக்கு வந்ததும் கண் பங்குக்கு வந்துவிடுகிறது. உள்ளே வரும் செய்திகள் கலப்பது இன்டக்ரேஷன். அதன் பிறகு தோளும் முழங்கையும் விரலும் ஒத்துப்போவது கோஆர்டினேஷன். இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும் என்று பூ. த. கேட்பது நியாயம்.
— இரா. ஆ., பெங்களூரு

தம்பி சொன்னதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இதற்குத் தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது: புணர்ச்சி! நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது இயல்பாகவும் சேரலாம், விகாரப்பட்டும் சேரலாம். தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் மூன்று விகாரம் சொல்கிறது. கண்ணும் கையும் ஒன்றையே சொன்னால் இயல்பு. முரண்பட்டு இடைப்பட்ட ஒரு மதிப்பு வந்தால் திரிதல். ஒன்று மற்றதை அமுக்கிவிட்டால் கெடுதல். தோன்றலுக்கு மட்டும் எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.
— க. ந.

கிடைக்கும் ஐயா. 1998இல் போட்வினிக், கோஹன் செய்த ரப்பர் கைச் சோதனை. சொந்தக் கையைத் திரைக்குப் பின்னால் மறைத்து, கண்முன் ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடுவார்கள். சற்று நேரத்தில் தொடுகை ரப்பர் கையில் தெரிகிறது. கண்ணை மூடி, உன் கை எங்கே என்று மறுகையால் காட்டச் சொன்னால் ரப்பர் கைப் பக்கமாகத் தள்ளிக் காட்டுகிறார்கள். இல்லாத உணர்வு தோன்றல்தானே?
— இரா. ஆ.

இரா. ஆ., நீங்களுமா? 'புலன்புணர்ச்சி' என்று அச்சடித்த கையேட்டை வார்டில் ஒரு பாட்டியிடம் யார் கொடுப்பது? ஒன்பதாம் வகுப்பில் புணர்ச்சி இலக்கணம் நடத்தும் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், பாதி நேரம் பையன்களை அடக்குவதிலேயே போய்விடும்.
— ஜெ. ம.

எங்களுக்கு இன்டக்ரேஷன் என்றால் கணிதத்தில் தொகையீடு. அது இங்கே பொருந்தாது. 'புலன் இயைபு' எப்படி? கோஆர்டினேஷனுக்கு 'கட்கை இசைவு' என்று வைக்கலாம்.
— வ. சி., யாழ்ப்பாணம்

'இயைபு' நல்ல சொல். ஆனால் அடிகளின் கடைசியில் ஓசை ஒன்றி வருவதற்கு அல்லவா அது பெயர்? இதில் ஒன்றுவது மட்டுமில்லை, ஒன்றாமல் போனாலும் மூளை ஒரு முடிவுக்கு வருகிறது.
— இரா. ஆ.

அனைவருக்கும் நன்றி. நாளை அச்சு. இன்டக்ரேஷனுக்கு 'பார்வை-தொடுகை இணைவு', கோஆர்டினேஷனுக்கு 'இசைவு' என்று வைத்து அனுப்பிவிட்டேன். கோவை, பெங்களூரு, யாழ்ப்பாணம் மூவரும் தனிமடலில் சரி என்றார்கள். யாழ்ப்பாணம் மட்டும் 'வேறு வழியில்லை' என்று சேர்த்திருந்தார். தஞ்சாவூர் ஐயா மன்னிக்கவும்.
— பூ. த.

மன்னிப்பெல்லாம் எதற்கு அம்மா. இரண்டாம் பதிப்பில் ஊற்றைப் பார்த்துக்கொள்வோம். ஆனால் யாழ்ப்பாண நண்பர் 'கட்கை' என்று எழுதியிருந்தாரே, அதை யாரும் கவனிக்கவில்லை. கண்ணும் கையும் என்று விரியும் உம்மைத்தொகை. வேற்றுமைப் பொருள் இல்லாத இந்த அல்வழியில் ணகரம் டகரமாகத் திரியாது. 'கண்கை' என்றே வரும்.
— க. ந.