குடித்துவிட்டு ஓட்டினால் சைக்கிளுக்கு 185-ஆவது பிரிவு கிடையாது, வழக்கு உண்டு: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

செல்லூரிலிருந்து:

என் தந்தை நாற்பது ஆண்டுகளாகத் தறியில் வேலை பார்ப்பவர். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் ஒரு குவார்ட்டர் அருந்திவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்புவது அவருடைய வழக்கம். சைக்கிளில் வருபவரைப் போலீஸார் ஊதச் சொல்வதில்லை என்பது அவருடைய நம்பிக்கை. பல ஆண்டுகள் அது பொய்க்கவும் இல்லை. சென்ற தை மாதத்தில் ஓர் இரவு, பாலத்தருகே வாகனத் தணிக்கைக்காக வைத்திருந்த இரும்புத் தடுப்பில் நேராகப் போய் மோதி விழுந்தார். விழுந்தவர் பேசாமல் எழுந்து வந்திருந்தால் அதோடு போயிருக்கும். தூக்கிவிட வந்த காவலரிடம், “இதுல மோட்டாரா ஓடுது, எதுக்கு மறிக்கிறீக?” என்று உரத்த குரலில் வழக்காடியபடி, பின்னால் வந்த வண்டிகளுக்கும் வழிவிடாமல் நடுச்சாலையில் நின்றுவிட்டார்.

ஊதிப் பார்த்ததில் கருவி 142 என்று காட்டியது. 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்பதுதான் வரம்பு என்றும், இதே அளவோடு அவர் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம் என்றும், சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல என்பதால் அந்தப் பிரிவில் வழக்கு எழுத முடியாது என்றும் உதவி ஆய்வாளர் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். அப்பாவின் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்ததாக மாநகரக் காவல் சட்டத்தின் 75-ஆவது பிரிவில் எழுதிவிட்டார்கள். ‘செவன்டி ஃபைவ்’ என்று ஊரில் எல்லாரும் சொல்லும் அதே கேஸ்தான். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய அபராதம் அவருடைய இரண்டு நாள் கூலிக்குள் அடங்கிவிட்டது. இதற்கு மேல் சிக்கலைச் சந்தித்தவர்கள் யாரேனும் இருந்தால் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சிலைமான் பக்கத்திலிருந்து:

நான் வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். விபத்து இழப்பீட்டு வழக்குகள்தாம் எங்களுக்கு அதிகம். உங்கள் தந்தை அபராதத்தோடு தப்பியதை நல்லூழ் என்றே சொல்வேன். குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டியவருக்கு உண்மையான இழப்பு, அவரே அடிபட்ட பிறகுதான் தொடங்குகிறது.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு, எங்கள் ஊர்க் கடை சாலையோரத்தை விட்டுக் கண்மாய்க் கரைப் பக்கம் போனது. போதையில் வண்டி ஓட்டுவதைக் குறைக்க வந்த உத்தரவு அது. ஆனால் முன்பு கடைக்கு நடந்து போனவர்கள் இப்போது சைக்கிளில் போய், இருட்டில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து திரும்புகிறார்கள். அப்படித் திரும்பிய ஐம்பத்திரண்டு வயதுக் கொத்தனார் ஒருவரை, பின்னால் வந்த சரக்கு வேன் தட்டிவிட்டதில் தொடை எலும்பு முறிந்தது. வேன் ஓட்டுநர் மீது வழக்குப் பதிவானது. நாங்கள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டோம்.

வேனின் காப்பீட்டு நிறுவனத்தார் கையில் எடுத்தது ஒரே ஒரு வரி. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், கொண்டுவந்த நேரத்துக்குக் கீழே, ‘மூச்சில் மது வாடை உள்ளது’ என்று பணி மருத்துவர் எழுதியிருந்தார். ரத்தம் எடுத்துச் சோதிக்கவில்லை. வாடையை மட்டும் வைத்து ஒருவர் போதையில் இருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என எங்கள் வக்கீல் ஐயா வாதிட்டார். தீர்ப்பாயமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆயினும் காவல் துறை வரைந்த மாதிரி வரைபடத்தில் சைக்கிள் சாலையின் நடுக்கோட்டுக்கு அருகில் கிடந்ததாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்புறத்தில் சிவப்பு ஒளிர்ப்பான்கூட இல்லை. விபத்தில் அவருக்கும் கால் பங்கு கவனக்குறைவு உண்டு என்று தீர்ப்பாகி, கணக்கிட்ட 6,40,000 ரூபாயில் 1,60,000 கழிக்கப்பட்டது. சைக்கிளுக்குச் சட்டமே கிடையாது என்று பேசுகிறவர்களிடம் நான் இந்தத் தொகையைத்தான் சொல்வது.

இன்னொரு பக்கமும் உண்டு. போதையில் சைக்கிளைச் சந்தையில் நடந்துபோன மூதாட்டி மேல் ஏற்றிக் கையை முறித்தவர் ஒருவரும் எங்களிடம் வந்தார். பொது வழியில் உயிருக்கு ஆபத்து விளையும்படி முரட்டுத்தனமாக ஓட்டுவதைத் தண்டிக்கும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவு ‘எந்த வாகனமும்’ என்றுதான் சொல்கிறது. மோட்டார் என்ற சொல்லே அதில் இல்லை. எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால் 125-ஆவது பிரிவும் சேர்ந்தது; அதில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. சைக்கிளுக்குக் காப்பீடு ஏது? மோட்டார் வாகன விபத்து இல்லையாகையால் அந்த மூதாட்டியும் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே தீர்ப்பாகும் பணத்தை ஓட்டியவரே கொடுத்தாக வேண்டும். மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்து அவர் வெளியிலேயே சமரசம் செய்துகொண்டார்.

மேலூரிலிருந்து:

ஜப்பானில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். அங்கே 2024 நவம்பர் 1 முதல், மூச்சில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் மது இருந்தாலே சைக்கிள் ஓட்டியவருக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். சைக்கிளில் போகப் போகிறார் என்று தெரிந்தும் மது ஊற்றிக் கொடுத்தவருக்கும், குடித்தவருக்குச் சைக்கிளைக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. என்னோடு வேலை பார்த்த ஒருவர், நிறுவன விருந்து முடிந்து நிலையத்துக்கு வெறும் பத்து நிமிடத் தொலைவைச் சைக்கிளில் கடக்கும்போது பிடிபட்டார். கார் ஓட்டும் உரிமத்தையும் சேர்த்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

பேட்டரி சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் ஆகாது. என் மச்சினன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய கன்ட்ரோலரை மாற்றி நாற்பதில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஊத வைத்த இரவில், பெடல் இருப்பதைச் சுட்டிக்காட்டி வாதாடியது எடுபடவில்லை. 185-இலேயே வழக்கு விழுந்தது. பதிவெண் இல்லை, உரிமம் இல்லை, காப்பீடு இல்லை என்று மற்றவையும் வரிசையாகச் சேர்ந்துகொண்டன.

செல்லூரிலிருந்து மீண்டும்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. அப்பாவிடம் இவற்றையெல்லாம் படித்துக் காட்டினேன். கொத்தனாரின் 1,60,000 கணக்கை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். குடியை விடவில்லை, ஆனால் இப்போது சனிக்கிழமைகளில் சைக்கிளில் ஏறாமல் வீடு வரை தள்ளிக்கொண்டே வருகிறார். இதற்கும் வழக்கு உண்டா என்று குமாஸ்தா ஐயாவிடம் கேட்கச் சொன்னார்.

சிலைமான் பக்கத்திலிருந்து:

தள்ளிக்கொண்டு அமைதியாக வந்தால் இல்லை. பாலத்தருகே நின்று மறுபடியும் காவலரிடம் வழக்காடிப் பிறருக்குத் தொல்லை கொடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதா 355 இருக்கிறது: 24 மணி நேரம் வரை வெறுங்காவல் (கடின உழைப்பு இல்லாத சிறை), அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், இல்லையேல் சமூகப் பணி. அந்தப் பிரிவுக்கு வாகனமே தேவையில்லை என்று உங்கள் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.