அப்பாவுக்கு வயிற்றுப் பிரச்சினை: எந்த டாக்டரை நம்பிப் போவது?

திண்டுக்கல்காரன்:
அப்பாவுக்கு 61 வயது. ரொம்ப நாளாகவே நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், மெடிக்கலில் கேட்டு வாங்கிய பான்டோப்ரசோல் என்ற கேஸ் மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது இட்லி கூடத் தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது, ஆளும் மெலிந்துவிட்டார், வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. கேஸ்ட்ரோ ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு மாட்டிய ஒருவரிடம் கூட்டிப்போனால், அப்பா வாயைத் திறப்பதற்குள், வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். உண்மையிலேயே தேவையா, பணத்துக்காகவா? மதுரைக்குப் போகலாம் என்றாலும் யாரை, எதை வைத்து நம்புவது?

வைகைக்கரை:
முதலில் பட்டத்தைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்து அதற்கு மேலும் 3 வருடம் வயிறு, குடல், கல்லீரலுக்கென்றே படித்து வாங்குவது டி.எம். எம்.சிஎச். என்றால் ஆபரேஷன் செய்பவர். போர்டில் ஸ்பெஷலிஸ்ட் என்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும், அதை மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். செலவு யோசனை என்றால் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையிலேயே இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, கூட்டம் இருக்கும், ஆனால் தினமும் இதே நோயைப் பார்க்கிறவர்கள்.

செவிலி அக்கா:
தம்பி, நான் எண்டோஸ்கோப்பி அறையில் வேலை பார்க்கிறேன். அந்த டாக்டர் அப்பாவைப் பேச விடாதது தப்பு, எழுதிக் கொடுத்தது சரி. இந்த வயதில் விழுங்கச் சிரமம், எடை குறைவு இரண்டும் சேர்ந்து வந்தால் எந்த நல்ல டாக்டரும் உள்ளே பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்ப மாட்டார். அதனால் ஆளைத் தேடுகிறேன் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

நல்லவர் என்றால் கேள்வி கேட்பார். கெட்டியான சாப்பாடு மட்டும் சிக்குகிறதா, தண்ணீரும் சிக்குகிறதா, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா, மூட்டு வலிக்கு மாத்திரை போடுகிறாரா, பீடி, சிகரெட் உண்டா, இதெல்லாம் கேட்டு வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். கேஸ் மாத்திரை போடுவதையும் சொல்லுங்கள், வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமி இருந்தாலும், அந்த மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது சோதனையில் தெரியாமல் போகலாம். வெறும் வயிற்றில் வர வேண்டும், தொண்டையில் மரத்துப்போக ஸ்ப்ரே அடிப்போம், சில நிமிடத்தில் முடிந்துவிடும். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால் பயப்படாதீர்கள், அது வழக்கம்தான். படத்தோடு ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் வேறு டாக்டரிடம் போனாலும் பெரும்பாலும் திரும்பக் குழாய் விட வேண்டியிருக்காது.

சோழவந்தான்:
அக்கா சொன்னதோடு ஒன்று. என் அம்மாவுக்குப் பார்த்தவரிடம், இன்னொரு டாக்டரிடமும் கேட்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். முகம் சுளிக்காமல் தாளை எடுத்து இரைப்பையை வரைந்து, புண் இருக்கும் இடத்தில் வட்டம் போட்டு, 'இதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்' என்றார். அதன்பிறகு இன்றுவரை அவரிடம்தான் போகிறோம்.

திண்டுக்கல்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அப்பா முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் போடுவது அக்கா கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது, டாக்டரிடம் யாருமே சொல்லவில்லை. மதுரையில் டி.எம். முடித்த ஒருவரிடம் வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டாயிற்று. பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போகிறோம்.