பாவித்த லூயி விட்டன் கைப்பை அசலா என்று அறிய உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களிடம் பாவித்த கைப்பைகளை வாங்கி, யாழ்ப்பாணத்தில் மறுவிற்பனை செய்து வருகிறேன். தற்போது வந்துள்ள லூயி விட்டன் பை 2018இல் பாரிஸில் வாங்கப்பட்டதாம். உள்ளே இரண்டு எழுத்துகளுடன் 2118 என்றுள்ளது; 2007 முதல் 2021 வரை இக்குறியீட்டில் முதலாம், மூன்றாம் இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஏனையவை ஆண்டையும் குறித்ததால், 2018ஆம் ஆண்டின் 21ஆம் வாரம் என்பது பொருந்துகிறது. ஆனால் இலக்கத்தைப் போலியாகப் பொறிப்பது எளிது. கைப்பிடியின் அடியில் தையல் ஒருபக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் ஐதாகவும் இருப்பதும், பாவனையில் கருமையேற வேண்டிய இயற்கைத் தோற்பட்டி இன்னும் வெளிறியிருப்பதும் என்னை உறுத்துகின்றன. என்னை நம்பி வாங்குபவரிடம் போலியைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும், கொழும்பிலாவது நேரில் பரிசோதித்துத் தருவோர் உள்ளனரா என்பதை அனுபவமுள்ளோர் தயவுசெய்து அறியத்தாருங்கள்.