லண்டன் உறவுகளே, ஒரு சனிக்கிழமை கை கொடுப்பீர்களா?

வணக்கம். எங்கள் அலொட்மென்ட் (வாடகைக்கு எடுத்துப் பயிரிடும் துண்டு நிலம்) தோட்டக்காரர்களும் பக்கத்துத் தேவாலயத்தாரும் சேர்ந்து, ஜூனில் ஒரு சனிக்கிழமை, அங்கே வாழும் உயிரினங்களைச் சுற்றிப் பார்க்கும் நாள் வைத்திருக்கிறோம். தோட்டத்துக்கும் கல்லறை வளாகத்துக்கும் நடுவே ஒரு பலகை வேலிதான்.

முக்கியமாகத் தேவைப்படுவது அந்துப்பூச்சி பிடிக்கும் விளக்குப் பொறி. யாரிடமாவது இருந்தால் ஓர் இரவுக்கு இரவல் தாருங்கள். உள்ளே முட்டை அட்டைகளை வைத்தால் பூச்சிகள் அதில் ஒளிந்துகொள்ளும். காலையில் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் பறக்கவிடுவோம்.

அடுத்தது ஸ்லோ வேர்ம். எங்கள் எருக்குவியலுக்குள் நிறைய உண்டு. பார்க்கப் பாம்பு மாதிரி, ஆனால் காலில்லாத பல்லி. கண்ணை இமைக்கும், விஷம் கிடையாது. போன வருடம் பக்கத்துப் பாத்தி ஐயா ஒன்றைக் கண்டு மண்வெட்டியை ஓங்கிவிட்டார்! நல்லவேளை, குறி தப்பியது. இந்நாட்டின் 1981ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம். நம் பெரியவர்களுக்குத் தமிழில் ஒரு அறிவிப்புப் பலகை எழுத வேண்டும். நல்ல பெயர் ஒன்று சொல்லுங்கள். ஆங்கிலப் பெயரை அப்படியே மாற்றி 'மெதுப்புழு' என்று எழுதினால் சிரிப்பார்கள்.

அப்புறம், முள்ளெலி போய்வர வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஓட்டை போட வேண்டும். தேவாலயத்தில் அனுமதி வாங்கியாயிற்று, மரம் அறுக்கும் வாள் பிடிக்கத் தெரிந்தவர்தான் இல்லை.

தேநீர் எங்கள் பொறுப்பு. வடை கொண்டுவருபவர்களை யாரும் தடுக்க மாட்டோம். வர முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள், இடத்தைத் தனியாக அனுப்புகிறேன்.